மூன்றரை மணி கான்வாய்

எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி உண்டு. பயணத் திட்டம் போடுகிறவருக்கான நாற்காலி. அதில் இருந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. நான் நான்கு வருடமாகக் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட் எண்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். யாராவது அவசரமாக வெளியே வந்தால் கதவு என் முதுகில் இடிக்கும். மெதுவாக வந்தால் "ஸாரி" என்று சொல்லிவிட்டு இடிக்கும்.

"இந்தப் பாலைவன டிரிப்ப நீயே பிளான் பண்ணு," என்றார் முதலாளி. "ஏர்போர்ட்ல இறங்கினதுலேர்ந்து கேம்ப்புக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சிக்கல் இருக்கக் கூடாது. அன்னிக்கு நானே போன் பண்ணி விசாரிப்பேன். ஒருத்தர் முகம் சுளிச்சாலும் நீ மறுபடி டைப்புதான்."

"போன்ல முகம் எப்படி சார் தெரியும்?"

"இந்த வாய்க்குத்தான் உன்ன அங்க உட்கார வெச்சிருக்கேன்."

கூட்டிக்கொண்டு போகும் என்னைத் தவிர, போகிறவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் எங்கள் ஆட்கள். அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேரும். கூட்ஸ் ஷெட்டில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர்கள். அப்பாதான் மேஸ்திரி. ஒரே வருடத்தில் ஆறு பேருக்கும் வேலைக்காலம் முடிந்தது. சங்கத்தில் பிரிவு உபசாரமாக எங்காவது அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். கடல், மலை, அருவி என்று எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அப்பா பாலைவனம் என்றார்.

"வாழ்நாள் பூரா மணல் இறக்கியிருக்கோம். சும்மா கிடக்கிற மணல ஒரு தடவ பாக்கணும். யாரும் அத ஏத்தச் சொல்லாத இடத்துல."



ஏழாவது ஆள் ஒரு பல் டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாக வருகிறார். ஏன் பாலைவனம் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், "ஒரு வாரம் யாரும் என் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார்.

திட்டத்தை நான் மூன்று வாரம் செதுக்கினேன். பதினொன்று இருபதுக்கு விமானம் இறங்கும். பதினொன்று ஐம்பதுக்குப் பெட்டிகள் கைக்கு வரும். பன்னிரண்டு பத்துக்கு இரண்டு வண்டிகள் கிளம்பும்: ஒரு வேன், ஒரு ஜீப். சாப்பாட்டுப் பொட்டலம் வேனிலேயே இருக்கும். மூன்று மணிக்குள் கடைசி பெட்ரோல் பங்க். அங்கிருந்து கேம்ப் ஆட்கள் எல்லா வண்டிகளையும் சேர்த்து, மூன்றரை மணிக்குக் கான்வாயாக மணலுக்குள் அழைத்துப் போவார்கள். தனி வண்டி உள்ளே போக முடியாது. மூன்றரையைத் தவறவிட்டால் அடுத்த கான்வாய் மறுநாள்தான்.

அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பெட்டி எடுக்க அரை மணி நேரமா? ஆறு ஆளு இருக்கோம்!"

"அப்பா, அது கூட்ஸ் ஷெட் இல்ல. பெல்ட்டுல அதுவா வரும். உங்களுது வந்தா உங்களுத மட்டும் எடுக்கணும்."

"தெரியும், தெரியும்," என்றார். அவர் இரண்டு தடவை தெரியும் என்று சொன்னால் தெரியாது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

விமானத்தில் டாக்டருக்குப் பக்கத்து இருக்கை கொக்கி மாமாவுக்கு. மூட்டை இழுக்கும் கொக்கியை நாற்பது வருடம் தோளில் மாட்டியிருந்தவர் என்பதால் அந்தப் பெயர். கடைவாயில் இரண்டு பல் போய், மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமும் அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோதுகூடத் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். இறங்கும்போது என் காதில், "அந்தம்மா என் தாடையவே பாத்துக்கிட்டு வந்துச்சு பாப்பா," என்றார்.

சரியாகப் பதினொன்று இருபதுக்கு இறங்கினோம். என் திட்டத்தில் முதல் வரிக்கு டிக் போட்டேன். அதற்குப் பிறகு டிக் போட எதுவும் வாய்க்கவில்லை.

பெல்ட் சுற்ற ஆரம்பித்தது. முதல் பெட்டி வந்தது. யாருடையதோ. அது ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அப்பாவின் கைவிரல்கள் மடங்கி நிமிர்ந்தன. நான் பார்த்தேன். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. எல்லாம் சும்மா சுற்றின. நாற்பது வருடத்தில் சரக்கு கண் முன்னால் வந்து, தூக்காமல் திரும்பிப் போனதை அந்த ஆறு பேரும் பார்த்ததே கிடையாது.

"என்னய்யா இது, ஏறின சரக்கு மறுபடி உள்ள போவுது," என்றார் ஒட்டகம் சித்தப்பா. கழுத்து நீளம் என்பதால் அவர் ஒட்டகம். பாலைவனத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து தெருவே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது.

"கேவலமா இருக்கு," என்றார் அப்பா.

நான் வண்டி டிரைவருக்குப் போன் செய்வதற்காக நாலடி தள்ளிப் போனேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஆறு பேரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். முதல் ஆள் இழுத்து இரண்டாவது ஆளுக்கு, அவர் மூன்றாவது ஆளுக்கு. பெட்டிகள் பறந்தன. விமானத்தில் வந்த மொத்தப் பெட்டிகளையும் எட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். பெரியது அடியில், சின்னது மேலே, ஐந்து ஐந்தாகச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள்; கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. நடுவில் ஒரு குழந்தை வண்டியும் இருந்தது. மடக்கி, சணல் கிடைக்காததால் அப்பா தன் துண்டால் கட்டியிருந்தார்.

பெல்ட் காலியாகச் சுற்றியது.

நூற்றைம்பது பேர் அந்தச் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒரு கோட் போட்ட மனிதர், "என் பெட்டி அடியில இருக்கு!" என்று கத்தினார்.

"அடியிலதான் இருக்கணும். கனம்," என்றார் அப்பா அமைதியாக.

விமான நிலைய சூபர்வைசர் ஓடி வந்தார். "யாருங்க நீங்கள்லாம்? யார் சொல்லி இறக்கினீங்க?"

"யாரும் சொல்லலையே, அதனாலதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு," என்றார் அப்பா.

நான் நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்டேன். எல்லார் பெட்டியையும் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறு பேரும் பிரித்தும் கொடுத்தார்கள். அதற்குள் ஜனம் இவர்களை அங்கே வேலை பார்க்கிறவர்கள் என்று நினைத்துவிட்டது. "அண்ணே, அந்தச் சிவப்பு," "பெரியவரே, இத வாசல் வரைக்கும்" என்று ஆளுக்கு ஆள் ஏவினார்கள். இவர்களும் தயங்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். பல் டாக்டரும் தன் சாம்பல் நிறப் பெட்டியைக் கொக்கி மாமாவிடம் தள்ளிவிட்டு, "இத வண்டியில வெச்சிடுங்க, நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறார். மாமா வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியிருக்கிறார்.

ஒரு வழியாக நாங்கள் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு முப்பது. இருபது நிமிடம் போய்விட்டது.

"ஏத்துங்க, ஏத்துங்க!" என்றேன்.

ஏற்றினார்கள். கூட்ஸ் ஷெட் வழக்கப்படி ஒவ்வொரு உருப்படிக்கும் அப்பா குரல் கொடுத்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நானும் தாளில் கோடு போட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் ஷெட்டுக்குத்தான் போவேன். அப்பா குரல் கொடுக்க, நான் சாக்கட்டியால் தரையில் கோடு போடுவேன். அங்கே சரக்கைத்தான் எண்ணுவார்கள். ஆளை யாரும் எண்ண மாட்டார்கள். ஆள் எங்கே போய்விடப் போகிறான்?

"...ஆறு... ஏழு. கணக்கு சரி. விடு வண்டிய!"

ஏழு. தாளிலும் ஏழு. நான் என் தோள் பையோடு ஜீப்பில் ஏறினேன். வண்டிகள் கிளம்பின.

நகரம் முடிந்து சுங்கச்சாவடியும் தாண்டியாயிற்று. சாலை நேராகிவிட்டது. போன நேரத்தில் பாதியையாவது பிடித்துவிடலாம் என்று ஜீப் டிரைவர் தைரியம் சொன்னார். ஒன்று பத்துக்கு ஒரு பாலத்துக்குக் கீழே நிழலில் ஐந்தே நிமிடம் நிறுத்தினோம். வேனிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுத்து ஒட்டகம் சித்தப்பா விநியோகித்தார். அவர் கையில் ஒன்று மிச்சம் நின்றது.

"யார் இன்னும் வாங்கல?"

எல்லார் கையிலும் பொட்டலம் இருந்தது.

"டாக்டரம்மாவுக்குக் குடுங்க," என்றேன்.

"அவங்க உன் ஜீப்புலதானே இருக்காங்க?"

"என் ஜீப்புலயா? வேன்ல இல்லையா?"

சித்தப்பாவின் கழுத்து இன்னும் நீண்டது. "அவங்க வேன்ல வரக் கூடாதுன்னுதானே நாங்க எல்லாரும் வேண்டிக்கிட்டு இருந்தோம். கண்ணுல படலன்னதும், அப்பாடா, ஜீப்புல ஏறிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டோம்."

வேனின் பின்கதவைத் திறந்தேன். சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அசையாமல், சாயாமல், பக்கத்தில் முட்டுக் கொடுத்து, மேலே ஒரு மெத்தைப் பை வைத்து, அத்தனை பத்திரமாக இருந்தது. அதன் சொந்தக்காரி விமான நிலைய வாசலில் இருந்தார்.

என் போன் அடித்தது. முதலாளி.

"டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணாங்க," என்றார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அவர் கத்தினால் பயமில்லை. "முகம் கழுவிட்டு வந்து பாத்தா வண்டியக் காணோமாம். ஏம்மா, ஏழு பேர்ல ஒருத்தர விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு மூணு வாரம் பிளான் தேவைப்பட்டுச்சா?"

"சார், நான் எண்ணினேன் சார். ஏழு வந்துச்சு."

"எத எண்ணினே?"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன்; ஏழு கோடும் பெட்டிக்குப் போட்டவை.

"மூணரைக்குள்ள அவங்க பங்க்ல நிக்கணும். இல்லன்னா, வந்ததும் உன் பழைய இடத்துல உட்காரு. கதவுக்கு நான் எண்ணெய் போடச் சொல்றேன், சத்தம் வராது."

போனை வைத்துவிட்டு நடுரோட்டில் நின்றேன். அப்பா பக்கத்தில் வந்தார். கொக்கி மாமா குற்றவாளியைப் போலத் தள்ளி நின்றார்.

"நான்தான் ஏத்தினேன் மேஸ்திரி," என்றார். "அந்தம்மா வெய்யின்னுச்சு, வெச்சேன். அவங்களையும் ஏத்தணும்னு எனக்குத் தோணல."

"நீ வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா, அந்தம்மா பின்னாடி வருதுன்னு!" என்றார் அப்பா.

"பல்லு தெரியுமே!"

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். "மேடம், நான்தான்..."

"தெரியுது. என் பெட்டி சௌக்கியமா?"

விமான நிலைய டாக்ஸி பாலைவனச் சாலைக்கு வராதாம். சுங்கச்சாவடி வரைக்கும்தானாம். அங்கே வந்து இறங்கச் சொன்னேன். ஜீப் டிரைவரிடம் கணக்குக் கேட்டேன். நாங்கள் திரும்பிப் போய் அவரை ஏற்றிக்கொண்டு எவ்வளவு அழுத்தி வந்தாலும் பங்குக்கு வர நாலு மணி ஆகும் என்றார். அரை மணி நேரம் இடிக்கிறது.

"அப்பா, நீங்க வேன்ல முன்னாடி போங்க. மூணு மணிக்குப் போயிடுவீங்க. எப்படியாவது அந்தக் கான்வாய அரை மணி நேரம் நிறுத்தி வைங்க."

"எப்படி நிறுத்தறது? சண்ட போடறதா?"

"ஐயோ, வேணாம். கிளம்பறதுக்கு முன்னாடி கேம்ப் லாரியில தண்ணி டிரம் ஏத்துவாங்க. அவங்க ஆளுங்க நாலு பேரு. அரை மணி நேரம் ஆகும். நீங்க போய், நாங்க ஏத்தித் தர்றோம்னு கேளுங்க. கேட்டுட்டு மெதுவா ஏத்துங்க. ரொம்ப மெதுவா. புரியுதா?"

"தெரியும், தெரியும்," என்றார் அப்பா.

ஜீப்பைத் திருப்பினோம். சுங்கச்சாவடியில் டாக்டர் ஒரு சிமெண்ட் கட்டையின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி ஓடினேன். வழியெல்லாம் சொல்வதற்கு என்னென்னவோ தயார் செய்திருந்தேன். பழியை டிரைவர் மேல் பாதி, விமான நிலையத்தின் மேல் பாதி போடுவது என்று ஒரு ஏற்பாடு. அவர் குடையை மடக்கிவிட்டு நேராகக் கேட்டார்.

"யாரு தப்பு?"

"என் தப்பு மேடம். பெட்டிய எண்ணினேன். உங்கள எண்ணல."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தாடையைப் பார்க்கிறாரா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பிறகு ஜீப்பில் ஏறி, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார். மிச்சம் நின்ற பொட்டலத்தைக் கொடுத்தேன்.

ஜீப் பறந்தது. மூன்று பத்துக்கு அப்பாவின் போன்.

"முடிஞ்சிருச்சு!" என்றார் உற்சாகமாக.

"என்னப்பா முடிஞ்சிருச்சு?"

"அம்பது டிரம். ஏத்தியாச்சு. பத்தே நிமிஷம்! இந்த விசில்காரர் இருக்காரே, கான்வாய்த் தலைவர், வாயப் பொளந்துட்டாரு. இப்படி ஒரு ஏத்து ஏத்தி நான் பாத்ததில்லங்கிறாரு."

"மெதுவா ஏத்தச் சொன்னேனேப்பா!"

"மெதுவாத்தான்டி ஆரம்பிச்சோம். மூணாவது டிரம்முல கை கேக்கல. ஒட்டகம் குரல் குடுத்துட்டான். குரல் குடுத்தா காலு நிக்குமா?" அப்பாவின் குரல் இறங்கியது. "ஒரு சின்ன விஷயம். வேல சீக்கிரம் முடிஞ்சதால, மூணரைக்கு வேணாம், மூணேகாலுக்கே கிளம்பலாம்னு அவரு சொல்றாரு. எல்லாருக்கும் சந்தோஷம்."

டாக்டர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். போனில் அப்பாவின் குரல் ஜீப் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இறக்குங்க," என்றேன்.

"என்னது?"

"ஏத்தினத எல்லாத்தையும் இறக்குங்க. தப்பா ஏத்திட்டோம்னு சொல்லுங்க."

மேஸ்திரியிடம் போய் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். நாற்பது வருடத்தில் அவர் ஏற்றியதை ஒருவரும் இறக்கச் சொன்னதில்லை. ரயில்வே அதிகாரிகளே சொன்னதில்லை.

"என் ஏத்து தப்புன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா?"

"ஆமாப்பா."

"அஞ்சு பேரு முன்னாடி?"

"ஆமாப்பா. எனக்கு வேற வழி தெரியல."

அப்பா பெருமூச்சு விட்டது காதில் இரைந்தது. போனை வைக்க மறந்துவிட்டார். அதனால் நாங்கள் மூன்று பேரும், டிரைவர் உட்பட, மீதியையும் கேட்டோம். விசில் ஒருமுறை ஊதியது. அப்பா தொண்டையைக் கனைத்தார். "நிறுத்துங்க சார். ஏத்துனதுல பிழை இருக்கு. பின்பாரம் ஜாஸ்தி. மணல்ல லாரி மூக்கத் தூக்கிக்கும்."

"நல்லாத்தானே இருக்கு?" என்றது வேறு குரல்.

"நல்லா இருக்கிற மாதிரி இருக்கும். அதான் ஆபத்து."

"மேஸ்திரி, உனக்கென்ன வெயில் ஏறிடுச்சா? இதுல என்ன தப்பு?" இது ஒட்டகம் சித்தப்பா. அப்பாவின் திட்டத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "நூல் புடிச்ச மாதிரி நிக்குது! யாரு வேணா வந்து பாக்கட்டும்!"

"டேய், இறக்குடா."

"மாட்டேன். என் மானம் போவுது."

"என்னுது ஏற்கெனவே போயிடுச்சுடா, தனியாப் போவுது, தொணைக்கு உன்னுதையும் அனுப்பு. இறக்கு!"

அதற்குப் பிறகு டிரம்கள் இறங்கும் சத்தம் வந்தது. டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குப் புரை ஏறிவிட்டது. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் பங்குக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பத்தைந்து. லாரியில் பாதி டிரம்கள் மேலே, பாதி கீழே. இது மூன்றாவது தடவை ஏற்றுவது என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது தடவையும் கை கேட்காமல் சீக்கிரம் முடித்துவிட்டார்களாம். அப்பா முன்பாரம் ஜாஸ்தி என்று சொல்லி மறுபடி இறக்கியிருக்கிறார். ஆறு பேர் சட்டையும் பிழிந்தால் சொட்டும். விசில்காரர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதவும் மனமில்லாமல் துப்பவும் மனமில்லாமல் நின்றார்.

டாக்டர் இறங்கியதும் அப்பா ஒட்டகம் சித்தப்பாவிடம், "இப்ப சரியா இருக்கு, ஏத்து," என்றார். மீதி டிரம்கள் நாலு நிமிடத்தில் மேலே போயின. விசில்காரர் அதைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"ஒரு ஆளுக்காக என்ன ஏமாத்தி அம்பது டிரம்ம மூணு தடவ ஏத்துனீங்களா?" என்றார்.

"கேட்டா நீங்க நின்னிருப்பீங்களா?" என்றார் அப்பா.

"நின்னிருக்க மாட்டேன்."

"அப்ப சரி."

என் போன் அடித்தது. முதலாளி. என்னிடம் பேசக்கூட இல்லை. "டாக்டரம்மாகிட்ட குடு," என்றார். கொடுத்தேன். டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டார். வேண்டுமென்றே போட்டாரா, விரல் பட்டதா, தெரியாது.

"மேடம், ரொம்ப மன்னிக்கணும். ஏர்போர்ட்லேர்ந்து வந்த பயணம் எப்படி இருந்துச்சு?"

"மோசம்," என்றார் டாக்டர். "என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் வெயில்ல உட்கார்ந்திருந்தேன்."

"அந்தப் பொண்ண நான் உடனே மாத்திடறேன் மேடம். திரும்பி வர்ற அன்னிக்கு வேற ஆளு வருவாங்க."

"இருங்க, நான் முடிக்கல. யாரு தப்புன்னு கேட்டேன். என் தப்புன்னுச்சு. சார், நான் இருபது வருஷமா பல்லு பாக்கறேன். ராத்திரி பல்லு தேய்க்கறீங்களான்னு கேட்டா, இல்லன்னு சொன்ன ஆளு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கிடையாது."

கொக்கி மாமா வேனுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அதுவும் இல்லாம, வேற ஆள அனுப்பினீங்கன்னா, அவங்க என்னைய மறக்கறதுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும். இது மறந்து முடிச்சாச்சு. இனிமே செத்தாலும் மறக்காது. திரும்பற அன்னிக்கு இதுதான் வரணும். இல்லன்னா நான் இங்கயே மணல்ல உட்கார்ந்துக்கறேன்."

பிறகு முதலாளி, "அதுகிட்ட குடுங்க," என்றார்.

"சார்," என்றேன்.

"உன் அப்பா அங்க இருக்காரா?"

"இருக்கார் சார்."

"அவரும் கேக்கட்டும். ஜன்னல் பக்கம் இருக்கிற நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. வந்ததும் அத மொதல்ல சரி பண்ணிக்கோ. உட்காரப் போறது நீ, நான் இல்ல." வைத்துவிட்டார்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன சொன்னாரு?" என்றார். அத்தனையும் கேட்டிருந்தும் கேட்டார். நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் அவருக்கு. சொன்னேன். "சரி, சரி" என்று சொல்லிவிட்டு லாரியின் கயிற்றை இழுத்துப் பார்க்கப் போனார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.